மாதா கோயில் மணி

மாதா கோயிலில் சாவு மணி அடித்தது. காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்த இன்பமேரியின் கை அப்படியே நின்றுவிட்டது.

"ஏனுங்க, எல்லையில சண்டை ஆரம்பிச்சதிலிருந்து பட்டாளத்துல இருக்கற நம்ம பையன் பென்னிகிட்ட இருந்து போனே வரலீங்களே. எனக்கு நொம்பப் பயமா இருக்குதுங்க."

"வெள்ளக்கடை சூசையண்ணனா இருக்கும் புள்ள. அவருதான் படுத்த படுக்கையாக் கெடந்தாரு" என்றார் கணவர் ஆரோக்கியதாஸ்.

அவள் சிலுவை போட்டுக்கொண்டு அடுத்த செடிக்குப் போனாள். அவர் மட்டும் கூடையை இறக்கி வைத்துவிட்டு அசையாமல் நின்றார்.

இன்பமேரி திரும்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க, நீங்க இங்க நிக்கறீங்க. அப்ப மணிய யாருங்க அடிக்கறாங்க?"

அந்த மணியை இத்தனை வருடமாக அடிக்கிறவர் அவர்தான். ஊரில் யார் இறந்தாலும் ஃபாதர் முதலில் அவருக்குத்தான் ஆள் அனுப்புவார்.

இன்று அனுப்பவில்லை.