ஒருவரும் தொடாத டிஸ்கோ தட்டு

“எனக்கு அந்த வில்மாவின்ரை டிஸ்கோ ரெக்கோட் வேணும். இப்பவே வேணும்!”

நோர்வேயின் குரோருட் பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி மண்டபத்தில், பழைய இசைத்தட்டுப் பெட்டிகளுக்கு முன்னால் குகதாசன் மூச்சிரைக்க நின்றார். பள்ளிக்கூட வாத்தியக் குழுவுக்காகப் பெற்றோர் நடத்தும் லொப்பெமார்க்கெட் அது. சனம் கொடுத்த பழைய சாமான்கள் விற்பனைக்கு மலைபோல் குவிந்து கிடந்தன. இசைத்தட்டு மேசையைப் பார்த்துக்கொண்டிருந்த நண்பர் சிவானந்தனுக்குத் தன் காதையே நம்பமுடியவில்லை.

“ஆர், வில்மா கிரேடனின்ரை டிஸ்கோ ரெக்கோட்டோ? அண்ணை, எந்தக் கொண்டாட்டத்துக்குப் போனாலும் அதைத் திட்டாமல் நீங்கள் சாப்பிட இருந்ததில்லையே!”

“திட்டினது திட்டினதுதான். பெட்டியை இஞ்சாலை தள்ளும்.”

சிவானந்தன் சொன்னதில் பொய்யில்லை. குகதாசனுக்கு அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல் இசை என்றால் உயிர். அதிலும் வில்மாவின் குரல் கேட்டால் சோறு தண்ணி வேண்டாம். அப்படிப்பட்ட வில்மா, டிஸ்கோ காலம் வந்ததும் ஊரோடு சேர்ந்து தாவிவிட்டாள். அட்டையில் வெள்ளிக் காற்சட்டையும் சில்லுச் சப்பாத்துமாக நின்றாள். உள்ளே ஒரே டும் டும், இடையிடையே விசில், நடுவில் எங்கோ அந்தத் தங்கக் குரல் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. ஒரேயொரு தரம் கேட்டுவிட்டு, மனம் வெறுத்து அலுமாரியின் கீழ்த்தட்டுக்கு அனுப்பிவிட்டார்.

இன்று அதைத் தேடி ஓடி வந்தது பாட்டுக்காக அல்ல. உள்ளே மனைவி தேவிகாவின் தங்க அட்டியல் இருந்தது.

தமிழர் வீட்டில் தங்கம் இருக்கும் என்பது கள்ளருக்கும் தெரிந்துபோய், கோயில் திருவிழா நாள் பார்த்துப் பக்கத்துக் கட்டடத்தில் ஒரு வீட்டை உடைத்துவிட்டார்கள். குகதாசன் மூளையைக் கசக்கினார். அரிசி வாளி, சீனிப் போத்தல், சாமித் தட்டு எல்லாம் கள்ளருக்கு அத்துப்படி. உலகத்தில் எந்த மனிதனும் கை வைக்க விரும்பாத இடம் எது? வில்மாவின் டிஸ்கோ!

அட்டியலை மெல்லிய துணியில் தட்டையாகச் சுற்றி உள்ளே நுழைத்தார். அட்டையின் ஓரமெல்லாம் நைந்து வெளுத்திருந்தது. பாட்டுத்தான் மட்டம் என்றால் அட்டையும் மட்டம் என்று நினைத்துக்கொண்டார்.

“எங்கை வைச்சனீங்கள்?” என்று தேவிகா கேட்டாள்.

“சொல்லமாட்டன். உமக்குத் தெரிஞ்சால் பின்னேரத்துக்குள்ளை ரொறன்ரோவிலை இருக்கிற தங்கச்சிக்கும் தெரிஞ்சிடும்.”

தேவிகா சிரித்துவிட்டுப் போய்விட்டாள். பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்று பின்னேரம் தேவிகாவின் தம்பி மகளுக்குக் கல்யாண வரவேற்பு. மாமியாகத் தேவிகா மேடையில் நிற்க வேண்டும். நகையை எடுத்துக் கொடுக்கலாம் என்று போனால், கீழ்த்தட்டு துடைத்து வைத்த மாதிரிக் கிடந்தது. மகள் யதுர்ஷாவுக்குப் போன் எடுத்தார்.

“நீங்கள்தானே அப்பா, கீழ்த்தட்டிலை கிடக்கிறது எல்லாம் குப்பை, லொப்பெமார்க்கெட்டுக்குக் குடு எண்டு சொன்னனீங்கள்? நேற்றுக் கொண்டுபோய்க் குடுத்திட்டன்.”

சொன்னதுதான். நகையை ஒளிப்பதற்கு முந்தி சொன்னது.

இப்போது பெட்டி பெட்டியாகக் கிளறினார். அவர் தள்ளிவிட்ட தட்டுகள் ஒவ்வொன்றாகத் தலையைக் காட்டின. வில்மாவை மட்டும் காணவில்லை.

“காலமை சனம் நெரிச்சது, அண்ணை,” என்றார் சிவானந்தன். “ஒரு நோர்வேக்காரப் பெடியன் டிஸ்கோவாய்ப் பாத்து ஒரு கட்டு அள்ளிக்கொண்டு போனவன்.”

“ஏன், அவன்ரை காதிலை ஏதும் வருத்தமோ?” என்று கத்திவிட்டு, குகதாசன் அப்படியே ஒரு பழைய சோபாவில் இருந்துவிட்டார். அதற்கும் விலைச்சீட்டு ஒட்டியிருந்தது.

வீடிருந்த அம்மருட்டுக்கு ஏறும் பாதையில், என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே நடந்தார். களவு போய்விட்டது என்று சொல்லலாமா? கதவு உடையாமல் களவா? தேவிகாவின் தாய் தன் கழுத்திலிருந்து கழற்றி மகளுக்குப் போட்டுவிட்ட அட்டியல் அது. சண்டைக்குள்ளே ஊர்விட்டு ஊர் ஓடியபோதும் தேவிகா அதை விற்கவில்லை. பாவி, பத்திரமாக வைக்கிறேன் பேர்வழி என்று நானே தொலைத்துவிட்டேனே என்று மனம் குமைந்தது. உள்ளதைச் சொல்லிவிடுவது, வருவது வரட்டும் என்று தீர்மானித்தபோது லிப்ட் மேலே வந்து நின்றது.

“இஞ்சாரும் தேவிகா, ஒரு விசயம் சொல்லவேணும். கோவிக்கக்கூடாது...”

கண்ணாடிக்கு முன்னால் நின்ற தேவிகா திரும்பினாள். கழுத்தில் அட்டியல் பளபளத்தது.

“எங்கை போனனீங்கள் இவ்வளவு நேரமும்? கெதியாக் குளிச்சிட்டு வெளிக்கிடுங்கோ.”

“இது... இது எங்கை இருந்தது?”

“நீங்கள் வைச்ச இடத்திலைதான். வைச்ச அடுத்த நாளே கண்டிட்டன். யதுர்ஷா பெட்டி கட்டேக்கை அந்த ரெக்கோட்டை மட்டும் எடுத்து ஒளிச்சு வைச்சிட்டன்.”

போன உயிர் திரும்பி வந்தது. கூடவே ரசிகனின் ரோசமும் வந்தது.

“எல்லாத்தையும் விட்டுட்டு அதை ஏன் தொட்டனீர்? அதை மனுசர் கேப்பினமே?”

தேவிகா சேலைக் கொய்யகத்தை நிதானமாகச் சரிசெய்தாள்.

“நீங்கள் வேலைக்குப் போன கையோடை, ஒவ்வொரு நாளும் நான் அதைப் போட்டுத்தானே ஆடுறனான்!”