ரிக்ரெட்

மாலை வெயில் மேலாளரின் மேசைக்குக் குறுக்கே விழுந்து, தட்டச்சு செய்த ஒற்றைத் தாளைப் பளிச்சென்று காட்டுகிறது. கேன்டீன் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று அறிவிப்பு ஒட்டியதற்காக 'ஐ ரிக்ரெட்', அதாவது 'வருந்துகிறேன்' என்று ஆங்கிலத்தில் ஒரே வரி. அதன் கீழே தண்ணீரைப் பரிசோதிக்கும் பெண் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் வேலை போய்விடும். அறிவிப்பை மேலாளர் காலையிலேயே கிழித்தாயிற்று. அவள் பேனாவைத் தொடவில்லை. அலமாரியிலிருந்து தடித்த அகராதியை இறக்கி, விரலை வைத்து வரிவரியாகப் படிக்கிறாள்.

"என்னம்மா, பரீட்சைக்கா படிக்கிற?" மேலாளர் சிரிக்கிறார். "எல்லாரும் எழுதுற வார்த்தைதான். வேலை காலி இல்லேன்னு சொல்ற லெட்டர்ல நானே தினமும் எழுதறேன்."

"செத்தவங்களுக்காக அழறதைச் சொன்ன வார்த்தையாம் சார். பழைய பிரெஞ்சுலேர்ந்து வந்திருக்கு." விரல் அந்த வரியை விட்டு நகரவில்லை. "இங்க இன்னும் யாரும் சாகல. சாகக் கூடாதுன்னுதான் ஒட்டினேன். மூணு தடவை சோதிச்சேன், மூணு தடவையும் கிருமி இருந்துச்சு."

"ஒரு கையெழுத்துதானேடி, போட்டுத் தொலையேன்," என்கிறாள் அந்த வரியை அடித்துக் கொடுத்த டைப்பிஸ்ட் அக்கா, தலை நிமிராமல்.

மின்விசிறிக் காற்றில் தாளின் ஓரம் படபடக்கிறது. அவள் அதை மேலாளர் பக்கமாகத் தள்ளி வைக்கிறாள். வேறொரு வெள்ளைத் தாளை எடுத்து, 'குடிக்காதீர்கள்' என்று பெரிய எழுத்தில் எழுதுகிறாள்.

"டேப் இருக்காக்கா?"

அக்கா மேலாளரைப் பார்க்கவில்லை. இழுப்பறையைத் திறந்து டேப்பை உருட்டி விடுகிறாள்.

"நாலு பக்கமும் ஒட்டு. போன தடவை சட்டுனு கிழிஞ்சிருச்சு."