ஹென்றி வாய் மூடிய கதை

"மாத்திரை போட்டியா?"

"போட்டேன்."

"கஞ்சி?"

"குடிச்சேன்."

அவ்வளவுதான். ஹென்றி டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டான். ஆலிஸ் சுவர் பக்கம் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் இதே கதைதான். வேறு ஒருத்தர் என்றால் பரவாயில்லை. பெசன்ட் நகரில் யார் வீட்டுக் கல்யாண ரிசப்ஷன் என்றாலும் மைக்கைப் பிடிப்பது அவள் புருஷன் ஹென்றிதான். மாப்பிள்ளையைக் கிண்டலடிப்பான், மாமியாரைக் கிண்டலடிப்பான், ஆசீர்வாதம் பண்ண வந்த ஃபாதரைக்கூட விடமாட்டான். போன வருஷம் ஒரு துக்க வீட்டில், இவன் பக்கத்தில் உட்கார்ந்த பாவத்துக்கு, செத்தவருடைய தம்பி சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினார்.

அப்பேர்ப்பட்ட வாய்க்குப் பூட்டு விழுந்துவிட்டது.

ஆலிஸுக்கு இடது பக்க ஓவரியில், அதாவது சினைப்பையில், கட்டி. அது முறுக்கிக்கொண்டதில், அவசரமாக வயிற்றைத் திறந்து ஓவரியையே எடுக்க வேண்டியதாகிவிட்டது. கல்யாணமாகி இரண்டு வருஷம், குழந்தை இன்னும் இல்லை. "இன்னொண்ணு நல்லா இருக்கு, கவலைப்படாதீங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். புத்திக்குப் புரிந்தது. மனசுக்குத்தான் புரியவில்லை. குளிக்கும்போது தழும்பைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டே தண்ணீர் ஊற்றிக்கொள்வாள்.

பக்கத்து ஃப்ளாட் ஸ்ரீலக்ஷ்மி மாமி ஒரு கிண்ணம் ரசம் சாதத்தோடு வந்தாள்.

"ஏண்டி ஆலிஸ், உங்காத்துக்காரர் லிஃப்டுல எங்கிட்ட நன்னாத்தானே சிரிச்சுப் பேசிண்டு வரார். ஆத்துக்குள்ள நுழைஞ்சதும் ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கறார்?"

"தெரியலை மாமி."

மாமி குரலைத் தாழ்த்தினாள். "நான் சொல்றேனேன்னு நினைச்சுக்காதே. ஆம்பளைகளுக்கு இந்த மாதிரி ஆபரேஷன்னா மனசு விட்டுப் போயிடும். எங்க ஒண்ணுவிட்ட அக்காவுக்குக் கர்ப்பப்பையை எடுத்தப்புறம், அத்திம்பேர் தனி ரூம்ல படுத்துக்க ஆரம்பிச்சுட்டார்."

"எதுக்காம்?"

"அக்கா குறட்டை விடறாளாம். யார் நம்பறா?"

மாமி போய்விட்டாள். ஆலிஸ் ரசம் சாதத்தைத் தட்டு போட்டு மூடி வைத்தாள்.

அதற்கப்புறம் ஆலிஸ் புருஷனைக் கவனிக்க ஆரம்பித்தாள். எல்லாமே தப்பாகத் தெரிந்தது.

டிவியில் காமெடி சீன் வந்தால், ஹென்றி எங்கிருந்தாலும் ஓடி வந்து சேனலை மாற்றினான். மாற்றி வைத்த சேனலில், நெற்பயிரில் குலைநோயை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் அதை முழுசாகப் பார்த்தார்கள்.

"நமக்கு எங்க வயல் இருக்கு?" என்றாள் ஆலிஸ்.

ஹென்றியின் உதடு துடித்தது. "தெரிஞ்சு வெச்சுக்கறது நல்லது" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

ஜலஜா வந்தாள். ஆலிஸோடு காலேஜில் படித்தவள். அவள் வந்தால் வீடே கலகலவென்று ஆகிவிடும். மயிலாப்பூரிலிருந்து பஸ் பிடித்து வந்தவளை ஹென்றி வாசலிலேயே நிறுத்தினான்.

"அவ தூங்கறா. உடம்பு தேறட்டும், அப்புறமா வா."

ஆலிஸ் தூங்கவில்லை. ஒவ்வொரு வார்த்தையும் காதில் விழுந்தது. ஜலஜா கொண்டு வந்த ஆரஞ்சுப் பழத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு கதவைச் சாத்தியதும் காதில் விழுந்தது. தன்னை யாருக்கும் காட்டக் கூட இவனுக்குப் பிடிக்கவில்லையா?

சாயங்காலம் கேட்டேவிட்டாள். "நேராவே கேக்கறேன். ஒரு பக்கம் இல்லேன்னா நான் பாதிப் பொம்பளையா?"

ஹென்றி ஆடிப்போனான். "லூசு மாதிரி பேசாதே" என்றான். மேலே ஏதோ சொல்ல வந்தவன், உதட்டைக் கடித்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டான்.

பதில் கிடைத்துவிட்டதாக ஆலிஸ் நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் அடையாறில் டாக்டரிடம் செக்கப். வழியெல்லாம் ஹென்றி ஆட்டோக்காரரிடம் "மெதுவா போங்கண்ணே, மெதுவா" என்று கெஞ்சிக்கொண்டே வந்தான். ஆலிஸிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

டாக்டரம்மா தையல் போட்ட இடத்தை அழுத்திப் பார்த்தார். "சூப்பரா ஆறியிருக்கு. நடக்கலாம், மெல்ல மெல்ல வேலைக்கும் போகலாம். வேற ஏதாவது கேக்கணுமா?"

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்" என்று ஹென்றி தொண்டையைச் செருமினான்.

குழந்தையைப் பற்றித்தான். ஆலிஸ் துப்பட்டா நுனியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"டாக்டர், இனிமே இவ சிரிக்கலாமா?"

டாக்டர் ஒரு நிமிஷம் முழித்தார். ஞாபகம் வந்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆலிஸ் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு ஞாபகம் இருக்காதும்மா. மயக்கம் தெளியறப்போ இவர் ஏதோ சொல்ல, நீங்க சிரிச்ச சிரிப்புல தையல்ல ரத்தம் கசிஞ்சிடுச்சு. வலி தாங்காம கத்தினீங்க. நான்தான் இவரைப் பிடிச்சுத் திட்டினேன். காயம் ஆறற வரைக்கும் இவங்ககிட்ட வாயைத் திறக்காதீங்கன்னு சொன்னேன். அப்புறம் பார்த்தா, மனுஷன் வராண்டாவுல உட்கார்ந்து அழுதுக்கிட்டிருக்கார்."

ஆலிஸ் புருஷனைப் பார்த்தாள்.

"அப்படி என்ன சொன்னீங்க?"

ஹென்றி பயந்துகொண்டே டாக்டரைப் பார்த்தான். டாக்டர் தலையாட்டினார்.

"'ஒண்ணை எடுத்துட்டாங்களே, மிச்சம் இருக்கற ஒண்ணு எப்படிச் சமாளிக்கும்'னு கேட்டே. 'நம்ம வீட்டுல ரெண்டு பேர் இருந்தும் நீ ஒருத்திதானே எல்லா வேலையும் பாக்கறே, அந்த மாதிரி அதுவும் பாத்துக்கும்'னு சொன்னேன்."