எலுமிச்சை வாசம்

"கேம் ஆடினியா, இல்லையா? அதை மட்டும் சொல்லு."

"ஆடலப்பா."

"அப்புறம் எப்படி ஸ்கிரீன் இப்படி ஆகும்?"

திரை முழுக்கப் பச்சையும் ஊதாவுமாகக் கோடு. நடுநடுவே செத்துப்போய், மறுபடி உயிர் வந்தது. மகள் மூன்று மாதமாகச் செய்த அனிமேஷன் படம் அதற்குள் மாட்டிக்கொண்டிருந்தது. கடைசிக் காட்சி பாக்கி. திங்கள் மாலை ஐந்துக்குள் அனுப்பினால்தான் அவள் ஆசைப்பட்ட கல்லூரிக்கு விண்ணப்பம் செல்லும். அன்று ஞாயிறு காலை.

"நேத்து சாயங்காலம்தான் பொட்டியைத் திறந்து, கிராபிக்ஸ் கார்டைக் கழட்டி, வீடியோல சொன்ன மாதிரியே மெத்துன்னு ஒரு பிரஷ்ஷை வச்சு தூசி தட்டி மாட்டினேன். பளபளன்னு இருந்துச்சு. அதுக்குள்ள என்ன பண்ணித் தொலைச்ச?"

"நீங்க கை வச்சப்புறம்தானே கெட்டுச்சு?" என்றாள் மனைவி, அடுப்படியிலிருந்து.

"எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும்!" என்றேன். ஆபீஸில் பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். என் படிப்பு அவ்வளவுதான்.

வைத்தியத்தை ஆரம்பித்தேன். டிரைவரை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். கேபிளை மாற்றினேன். பக்கத்து வீட்டு மானிட்டரைத் தூக்கிவந்து மாட்டினேன். அதிலும் அதே கோடு.

"அப்பா, கார்டைக் கழட்டிட்டு, மானிட்டரை நேரா மதர்போர்டுல சொருகிப் பாக்கலாமா?"

சொருகினோம். கோடு போன இடம் தெரியவில்லை. அப்படியென்றால் கோளாறு கார்டில்தான்.

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றேன்.

ஆனால் கார்டு இல்லாமல் அவள் படம் நகரவில்லை. ஒரு மரத்தை அசைக்கவே அஞ்சு நிமிஷம் எடுத்துக்கொண்டது. கார்டோடு மகளையும் பின்னால் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

கடையில் மெக்கானிக் வேறு யாருடைய கம்ப்யூட்டரையோ பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முடிக்கும்வரை சும்மா இருக்க வேண்டாமே என்று, டிரைவர், ரேம், வோல்டேஜ் என்று தெரிந்தது தெரியாதது எல்லாம் பேசினேன். அவரும் பொறுமையாக "ஆமா சார், ஆமா சார்" என்றார்.

பிறகு எங்கள் கார்டை விளக்கடியில் பிடித்தார். லென்ஸ் வைத்துப் பார்த்தார். கடைசியில் முகர்ந்தார்.

"என்ன சார், எலுமிச்சை வாசம் அடிக்குது? எதுவோ ஈரமாப் பட்டு, வெள்ளையாக் காஞ்சிருக்கு. ஷார்ட் ஆயிடுச்சு. இனி தேறாது."

நானும் வாங்கி முகர்ந்தேன். எனக்கு ஒரு வாசமும் வரவில்லை.

"யார் சார் இதைத் திறந்தது?"

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

"ஜூஸ் அங்கிள். எலுமிச்சை ஜூஸ். நான்தான் கொட்டிட்டேன்."

"பாத்தீங்களா!" என்று குதித்தேன். உண்மையைச் சொன்னால், கார்டு போன வருத்தத்தைவிட நான் சொன்னது சரியாகிப்போன சந்தோஷம்தான் அதிகம். "காலைலேருந்து கேக்கறேன், கல்லு மாதிரி நின்னா! ஸ்கூல் டூர் கிடையாது, போ. அந்தப் பணத்துலதான் கார்டு."

அவளுக்குக் கண் கலங்கியது. "சரிப்பா" என்றாள்.

பட்ஜெட் பட்ஜெட் என்று சொல்லிவிட்டு, என் விரல் மட்டும் மூன்று விசிறியும் கலர் லைட்டும் வைத்த ஒரு கார்டைக் காட்டியது.

"அது உங்க பொட்டிக்குள்ள நுழையாது சார். நுழைஞ்சாலும் உங்க பவர் சப்ளை தாங்காது."

"அங்கிள், பழசா இருந்தாலும் பரவால்ல. மெமரி எட்டு ஜிபி இருக்கணும், தனியா பவர் ஒயர் கேக்கக் கூடாது" என்றாள் மகள்.

மெக்கானிக் அவளை மரியாதையாகப் பார்த்தார். உள்ளேயிருந்து ஒற்றை விசிறி வைத்த பழைய கார்டு ஒன்றைக் கொண்டுவந்து, அரை மணி நேரம் ஓடவிட்டு, சூடு எவ்வளவு ஏறுகிறது என்று காட்டிவிட்டுத்தான் கொடுத்தார்.

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றேன்.

வீடு வரைக்கும் அறிவுரை.

"தப்பு பண்றது பெரிசில்ல. உடனே ஒத்துக்கணும். என்னைப் பாரு, என்னைக்காவது மறைச்சிருக்கேனா?"

"இல்லப்பா" என்றாள், பின்சீட்டில் கார்டை மடியில் அணைத்தபடி.

மறுநாள் காலை ஆபீஸுக்குக் கிளம்ப வேண்டும். சனி, ஞாயிறு இரண்டு நாள் தாடி. பிரஷ்ஷை நனைத்து, சோப்பு டப்பாவில் சுழற்றி, கன்னத்தில் இழுத்தேன்.

நுரை கறுப்பாக வந்தது.

கண்ணாடியைப் பார்த்தேன். கன்னத்தில் உருண்டை உருண்டையாகத் தூசி. கம்ப்யூட்டர் தூசி. சோப்பு டப்பாவைத் திருப்பினேன். மூடியில் இரண்டு எலுமிச்சம்பழம் படம் போட்டிருந்தது. இருபது வருஷமாக முகத்தில் பூசுகிற வாசம் என் மூக்குக்கு எங்கே தெரியப்போகிறது? அன்று வீடியோவில் மெத்தென்ற பிரஷ் என்றான். வீட்டிலேயே மெத்தென்று இருந்தது இது ஒன்றுதான்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்படியே ஓடிப்போய், மேஜைமேல் கிடந்த டூர் பாரத்தில் கையெழுத்துப் போட்டேன். அதிலும் ஒரு சொட்டுக் கறுப்பு நுரை விழுந்தது.

"கார்டைக் கெடுத்தது நான்தான்!" என்று மனைவியிடம் கத்தினேன்.

"அதைத்தான் நேத்தே சொன்னேனே" என்றாள் அவள், திரும்பாமலே.

மகள் அறைக்குப் போனேன். ராத்திரியே கடைசிக் காட்சியை முடித்துவிட்டாள்; படம் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தது. தொண்ணூற்றாறு, தொண்ணூற்றேழு.

"ஏம்மா, ஷேவிங் பிரஷ்னு உனக்குத் தெரியுமா?"

"சனிக்கிழமையே பாத்தேன்ப்பா. காஞ்ச பிரஷ்னு நெனச்சேன், உள்ள சோப்பு ஈரம் இருந்திருக்கு. கடைல அவர் எலுமிச்சைன்னதும்தான் புரிஞ்சுது."

"அப்ப அங்கயே சொல்றதுக்கென்ன? டூர் வேற போயிருக்குமேடி!"

அவள் என் நுரை முகத்தைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

"எனக்குக் கம்ப்யூட்டர் அத்துப்படின்னு அவர்கிட்ட அவ்வளவு நேரம் பேசினீங்க. அவர் முன்னாடி, எங்கப்பா கார்டுக்கு ஷேவிங் பண்ணிட்டார்னு சொல்ல எனக்கு எப்படிப்பா மனசு வரும்?"