நன்றி, வேண்டாம்

பேனையைக் காணவில்லை என்று இன்னாசித்தம்பி அலுமாரியின் மூன்றாவது லாச்சியையும் இழுத்தார்.

மேசையில் ரூத் கொண்டுவந்த தாள் கிடந்தது. தாளுக்குப் பக்கத்திலேயே ரூத்தின் பேனையும் கிடந்தது.

அடுத்தவர் பேனையால் கையெழுத்து வைத்துப் பழக்கமில்லை என்று டெனிஷில் சொல்லிவிட்டார். டென்மார்க்கின் ஹோர்சன்ஸுக்கு வந்த இந்த ஏழு வருடத்தில் கொம்யூன் எனப்படும் நகரசபைக் கந்தோரில் அவர் வைத்த அத்தனை கையெழுத்தும் ரூத்தின் பேனையால் வைத்ததுதான். ரூத் அதைச் சொல்லிக் காட்டவில்லை. இன்னாசித்தம்பிக்கு அதுதான் இன்னும் கூச்சமாக இருந்தது.

ரூத் கொம்யூனின் சமூகப் பணியாளர். இந்தக் குடும்பத்தின் கோப்பு அவரிடம்தான். மன்னாரில் நின்ற செலீனாவையும் பிள்ளைகளையும் கூப்பிட இன்னாசித்தம்பி விண்ணப்பித்த காலத்தில், தமிழரின் கோப்புகளை அசைக்க வேண்டாம் என்று மேலிடத்தில் சொல்லிவைத்திருந்தார்கள். சட்டம் வரலாம் என்றது, மேலிடம் விடவில்லை. மாதம் ஒரு கடிதமாக எழுதி எழுதி ரூத் அவர்களின் உயிரை எடுத்தார். மூன்று வருடம் பிந்தினாலும் குடும்பம் வந்து சேர்ந்தது.

இப்போது தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு. கோப்புகளை முடக்கியது பற்றி விசாரணை அறிக்கை வந்து, அரசாங்கமே பதவி இறங்கிப்போய், நாடு முழுக்க இதே கதைதான்.

அப்படிப்பட்ட ரூத் இன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தனக்கென்று ஒன்று கேட்டு வந்திருக்கிறார்.

கரீபியன் கடலில் டென்மார்க்குக்கு மூன்று தீவுகள் இருந்தனவாம். ஆபிரிக்காவிலிருந்து கறுப்பு மக்களைக் கப்பலில் விலங்கு போட்டுக் கொண்டுபோய் அங்கே கரும்பு வெட்ட வைத்தார்களாம். ரூத்தின் அம்மாவின் பூட்டனார் அப்படி வெட்டியவர். அந்தச் சந்ததியிடம் அரசு மன்னிப்புக் கேட்க வேண்டும், கெடுத்ததற்கு ஈடு செய்ய வேண்டும், அதைச் சமூகப் பணியாளர் சங்கம் முன்னுக்கு நின்று கேட்க வேண்டும் என்று தாளில் எழுதியிருந்தது.

நாளைக்கு ஒடென்சேயில் சங்கக் கூட்டம். இதெல்லாம் எங்கள் வேலையா என்று பாதிப்பேர் முகம் சுளிக்கிறார்களாம். அநியாயம் நடந்த ஆளுக்குப் பக்கத்தில் நிற்பது வேலை இல்லையென்றால் பிறகு எதுதான் வேலை என்பது ரூத்தின் கட்சி. அதே அரசிடம் இடிபட்ட தமிழரின் கையெழுத்தும் இருந்தால் கூட்டம் காதுகொடுத்துக் கேட்கும்.

“இஞ்சாருங்கோ, கடைசியில தீவை அமெரிக்காவுக்கு வித்துப்போட்டாங்களாம். சனத்தோட சேர்த்து!” என்று குசினிக்குள்ளிருந்து செலீனா கத்தினாள். அவள் எப்போதோ ரூத்தின் பக்கம் போய்விட்டாள்.

இன்னாசித்தம்பிக்கும் வயிறு எரியத்தான் செய்தது. ஆனால் அரசாங்கத்துக்கு மாறான தாளில் பெயர் எழுதினால் என்ன நடக்கும் என்பதை ஊரில் கண்ணால் கண்டவர் அவர். சரி, எழுதாமல் விடுவோம் என்றால் நாலு அறை வீட்டுக்குப் போட்ட விண்ணப்பம் ரூத்தின் கையில் இருக்கிறது. மூன்று பிள்ளைகளும் ஒரே அறையில் நெருக்கியடித்துக்கொண்டு படுக்கிறார்கள். ரூத் மனம் கோணினால் வீடு போச்சு.

ரூத் அப்படிப்பட்டவர் இல்லை என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் கந்தோர்க்காரரை நம்பி அவர் வளரவில்லை.

நாலாவது லாச்சியை இழுத்தார். உள்ளே பிள்ளைகளின் கையுறைகள் இருந்தன.

செலீனா மீன் றோல்ஸ் தட்டோடு வந்தாள். கொம்யூன் ஆட்கள் தங்கள் பொறுப்பில் உள்ள குடும்பத்திடம் ஒரு துரும்பும் வாங்கக்கூடாது. அது தெரிந்தும் அவள் மூன்று வருடமாக நீட்டுவாள். ரூத்தும் தனக்குத் தெரிந்த இரண்டே இரண்டு தமிழ்ச் சொல்லைச் சொல்லுவார். “நன்றி, வேண்டாம்.” செலீனா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தட்டைத் திருப்பிக் கொண்டுபோவாள்.

இன்றைக்கு ரூத் கையை நீட்டி ஒன்றை எடுத்தார். கடித்தார்.

“நன்றி” என்றார்.

“வேண்டாம்” வரவில்லை.

செலீனா தட்டும் கையுமாக நின்றாள். இன்னாசித்தம்பி லாச்சியிலிருந்து தலையைத் திருப்பினார். ஒரு கையெழுத்துக்காக இந்த மனுசி சட்டத்தையே விழுங்குகிறாரா? இனித் தப்ப வழியே இல்லை.

சூட்டுக்கு வாயை ஊதி ஆற்றிக்கொண்டு ரூத் விசயத்தைச் சொன்னார். வீட்டுக்கான சிபாரிசைப் போன கிழமையே எழுதி அனுப்பியாயிற்று. இன்று காலையில் இந்தக் குடும்பத்தின் கோப்பையும் வேறொருவரிடம் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினார். கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு கையெழுத்துக் கேட்டால், அதற்குப் பெயர் கேட்பது இல்லை.

ஆகவே இன்னாசித்தம்பி இப்போது தாராளமாக மாட்டேன் என்று சொல்லலாம்.

அவர் லாச்சியை மூடிவிட்டு நிமிர்ந்தார். கையெழுத்துக் கேட்டு அவரிடம் வந்தவர்கள் கொஞ்சப்பேர் இல்லை. சீருடையோடும் வந்தார்கள், சீருடை இல்லாமலும் வந்தார்கள். மாட்டேன் என்று சொல்லலாம் என ஒருவர்கூடச் சொன்னதில்லை.

ரூத் தன் பேனையை அவர் பக்கமாகத் தள்ளினார்.

இன்னாசித்தம்பி அதைத் திருப்பித் தள்ளினார்.

“நன்றி, வேண்டாம்.”

செலீனா தலையில் கைவைத்தாள்.

அவர் சிரித்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து தன் பேனையை எடுத்து, முழுப் பெயரையும் எழுதினார். ரூத் வாசலால் உள்ளே வந்த நேரம் தொட்டு அதன் மூடி பைக்கு வெளியே தெரிந்துகொண்டுதான் இருந்தது.