கரடி குடித்த ஸ்காட்ச்

காட்டு பங்களாவில் யாரோ விட்டுப்போன ஸ்காட்ச் விஸ்கி பாட்டிலை மயில் உருட்டிக்கொண்டு வந்தது. பங்களா வாசலிலேயே வளர்ந்த மயில் அது. விருந்தாளிகள் பேசுவதெல்லாம் அதற்கு மனப்பாடம். கரடியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இரண்டு கொட்டாங்குச்சிகளில் ஊற்றியது.

கரடி ஒரே மடக்கில் விழுங்கியது. தொண்டை பற்றி எரிந்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. "கொஞ்சம் தேன் கலந்துக்கவா, மயிலண்ணே?" என்று கையிலிருந்த தேனடையைக் காட்டியது.

"ஸ்காட்ச்ல தேனா! மானத்தை வாங்காதே. முதல்ல மூக்கை வை. உலர்ந்த திராட்சை, கடல் காத்து, பழைய தோல் நாற்காலி, எல்லாம் வரும்."

கரடி கடலைப் பார்த்ததில்லை, நாற்காலியில் உட்கார்ந்ததுமில்லை. காடே மெச்சும் மூக்கு இன்று கைவிட்டுவிட்டதே என்று அதற்கு அழுகை வந்தது. தேனடையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, அடுத்து ஊற்றியதில் இரண்டு சொட்டு ஓடைத்தண்ணீர் விட்டு மெதுவாக மோந்தது. காட்டுத்தீ அணைந்த மறுநாள் மழையில் நனைந்த கரிக்கட்டையின் வாசம் வந்தது. ஒரு வாய் எடுத்து நாக்கிலேயே வைத்திருந்தது. கரிக்கு அடியில் எங்கோ இனித்தது.

"நல்லாத்தான் இருக்குண்ணே! ஆமா, உங்களுது குறையவே இல்லையே?"

மயில் அக்கம்பக்கம் பார்த்தது. தோகையைச் சுருட்டிக்கொண்டு கரடியின் காதருகே வந்தது.

"எனக்கு எரியுதுப்பா. அந்தத் தேனை இதுல கொஞ்சம் விடேன்."

ஸ்காட்சில் தேனா என்று கரடிக்குப் பகீரென்றது. தேனடையை முழுசாக மயிலிடம் கொடுத்துவிட்டு, அதன் கொட்டாங்குச்சியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.