ஒரே ஒரு சிரிப்பு

பதினோரு வருஷத்துக்கு முன் நின்றுபோன பல்சுவை நிகழ்ச்சியை டி.வி.க்காரர்கள் மறுபடியும் தொடங்கினார்கள். பழைய மைக்கும், 'கைதட்டவும்' என்று எரிகிற பழைய விளக்குப் பலகையும் கிடங்கிலிருந்து தூசி தட்டி எடுத்து வரப்பட்டன.

முதல் படப்பிடிப்பில் பலகை நாற்பது தடவை எரிந்தது. ஜனங்களும் சொன்ன பேச்சு தட்டாமல் நாற்பது தடவை கைதட்டினார்கள்.

நடுவில் மந்திரவாதியின் புறா நழுவிப் பறந்து, பலகையின் தலையில் உட்கார்ந்துகொண்டது. அவர் தொப்பியை நீட்டிக் கெஞ்சியும் இறங்கவில்லை. அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. முன்வரிசை அம்மா ஒருவருக்குச் சிரித்துச் சிரித்து விக்கலே வந்துவிட்டது.

"கட்!" என்று கத்தினார் இயக்குநர். புறாவைப் பிடித்து, எல்லாவற்றையும் ஒழுங்காகத் திரும்ப எடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி ஒளிபரப்பானது. அரங்கத்து டி.வி.யில் பலகையும் மைக்கும் அதைப் பார்த்தன.

"பாத்தியா, ஒவ்வொரு ஜோக்குக்கும் என்னமா சிரிக்கிறாங்க! நம்ம காலம் திரும்பி வந்துடுச்சு," என்றது பலகை.

"சிரிப்பு முடியிற இடத்தைக் கேளு," என்றது மைக்.

பலகை கேட்டது. மிமிக்ரி முடிந்ததும் சிரிப்பு, கடைசியில் ஒரு விக்கல். நாடகம் முடிந்ததும் சிரிப்பு, கடைசியில் அதே விக்கல்.

பலகை, "புறா எப்ப வரும்?" என்று கேட்டது.

"வராது. அந்தக் காட்சியை வெட்டிட்டாங்க. சிரிப்பை மட்டும் வச்சுக்கிட்டாங்க."